பால்குடி மறக்காத கொடிகள்

பிப்ரவரி பிறந்துவிட்டால் ஜானாஸ் ஊரில் ஆளுக்கொரு கத்தியோடு மணலில் குனிந்துவிடுவார்கள். பதியம் போட்ட திராட்சைக் கொடிகளுக்குப் பால் மறக்கடிக்கிற மாதம் அது. தாய்க்கொடியின் ஒரு கையை வளைத்து மணலுக்குள் புதைத்து, தலையை அந்தப் பக்கம் வெளியே விட்டிருப்பார்கள். பிள்ளை வேர் பிடித்ததும் நடுவில் ஓடும் கொடியை அறுத்துவிட வேண்டும். அறுபட்ட பிள்ளை முதல் கோடை முழுக்க மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். மறு கோடையிலும் பெரிதாகச் சந்தோஷப்பட்டுவிடாது. அப்புறம்தான் புத்தி வந்து, அடியில் கிடக்கும் களிமண்ணைத் தேடி மணலைத் துளைத்துக்கொண்டு இறங்கும். அந்தக் கடலோரத்தில் கோடைக்கு ஈரம் வைத்திருப்பது அந்தக் களிமண் ஒன்றுதான்.

எவரிஸ்து மேஸ்திரி மட்டும் அறுக்க மாட்டார். அவருடைய மேல்மணல் தோட்டத்தில் ஒவ்வொரு கொடியும் இன்னொரு கொடியைப் பிடித்துக்கொண்டு, அது இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு, சரிவின் அடிவாரம் வரை மணலுக்குள்ளேயே சங்கிலியாகப் போகும். ஊர்க்காரர்கள் முதலில் சிரித்தார்கள். லிஸ்பனிலிருந்து கார் போட்டுக்கொண்டு ஒயின் ருசிக்கிறவர்கள் வர ஆரம்பித்த பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

கொலாரெஸ் கூட்டுறவு ஒயின் கிடங்கில் பீப்பாய் கழுவுகிற ஆளாக வாழ்க்கையைத் தொடங்கியவர் எவரிஸ்து. அங்கே எல்லார் திராட்சையையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்குகிறார்கள் என்று கிடங்கின் பொறுப்பாளரோடு சண்டை போட்டு, போட்ட சண்டையில் வேலை போய், வீட்டுக் கொட்டகையிலேயே சொந்தமாக ஒயின் இறக்க ஆரம்பித்தார். அந்த மணலில் விளையும் ரமிஸ்கோ திராட்சை லேசில் மசிகிற ஜாதி இல்லை. இளசாக இருக்கும்போது குடித்தால் நாக்கு வறண்டு மடங்கிப் போகும். பத்து வருஷம் பீப்பாயிலும் போத்தலிலும் கிடந்தால்தான் மனுஷரோடு பேசும். மேஸ்திரி அதைக் காத்திருந்து காத்திருந்து பேச வைத்தார். அதில் பொய்யில்லை. நல்ல ஒயின்தான். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வந்தவர்களை மேசையில் உட்கார வைத்து, கோப்பையில் ஊற்றிக் கொடுத்துவிட்டு அவர் சொல்வார்: "நான் ஒயின் செய்யறதில்ல. தாய்கிட்டேருந்து பிள்ளையப் பிரிக்காம இருக்கேன். அவ்வளவுதான் என் வேலை."

வந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்கள். ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்திருக்கிறாள்.

அவர் மனைவி இடலினா குசினியில் மத்தி பொரித்தபடி இதை நூறு தடவை கேட்டிருப்பாள். அவளுக்குத் தெரியும், இது தத்துவமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, பயம். புதுக்கொடியைக் களிமண்ணிலேயே நட வேண்டுமென்றால் மூன்று ஆள் ஆழத்துக்கு மணலைத் தோண்ட வேண்டும். தோண்டுகிறவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டுதான் இறங்குவான். மணல் சரிந்து மூடினாலும் கூடைக்குள் கொஞ்சம் மூச்சு இருக்கும், அதற்குள் தூக்கிவிடலாம் என்று கணக்கு. எவரிஸ்துவின் அப்பாவைத் தூக்கத்தான் தூக்கினார்கள். கூடைக்குள் உயிர் இருந்தது, பேச்சு திரும்பவில்லை. கயிற்றின் மேல்நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் இந்த எவரிஸ்துதான், அப்போது மீசைகூட முளைக்கவில்லை. அதன்பிறகு அவர் குழி வெட்டவும் இல்லை, வெட்ட விடவும் இல்லை. எல்லாம் பதியம்தான். பதியத்தை அறுத்து, ஒன்றிரண்டு காய்ந்துபோனால் அந்த இடத்தில் குழிதானே வெட்ட வேண்டும்? அதனால் அறுப்பதும் இல்லை. இதைச் சொன்னால் எவளும் கண்ணைத் துடைக்க மாட்டாள்.

பயத்துக்காக அவள் அவரைக் குறை சொன்னதில்லை. பயத்துக்குப் பட்டுச்சட்டை போட்டு ஊரைக் கூட்டிக் காட்டியதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு பிப்ரவரியில் சுல்மிரா வந்தாள். எவரிஸ்துவின் தங்கை, புருஷன் இல்லாதவள். ஒரு பை நிறைய ஆப்பிளை மேசைமேல் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

"அண்ணே, நான் கீழ்மணலை வித்துட்டேன்."

எவரிஸ்து ரொட்டி அறுப்பதை நிறுத்தினார். "யாருக்கு?"

"லிஸ்பன்காரர். பல் டாக்டர். வீடு கட்டப் போறாராம். நீச்சல் குளமும் உண்டாம்."

"கண்ணுக்கு முன்னாடி கடல் கெடக்கு. அவனுக்குக் குளம் கேக்குதோ?"

"அதை அவரைக் கேளு. எனக்கு முட்டி போச்சு. குனிஞ்சா நிமிர முடியல, நிமிந்தா குனிய முடியல. மதினிகிட்டக் கேளு, போன அறுவடையில நான் தவழ்ந்துதான் பறிச்சேன்."

"ஆமா, தவழ்ந்தா," என்றாள் இடலினா.

"தாய்க்கொடி பூரா உன் மணல்ல இருக்குடி!"

"தெரியாமலா வந்திருக்கேன்? அப்பாவுக்கப்புறம் பாகம் பிரிச்சப்ப தாய் எனக்கு வந்தது, பிள்ளைங்க உனக்கு வந்தது. இத்தனை வருஷம் என் வேரு உன் திராட்சைக்கு ஊட்டினதுக்கு ஒரு போத்தல் குடுத்தியா நீ? போகட்டும். இப்ப கேளு. வேலியோரத்துத் தாய்க்கொடிய ரெண்டு கோடைக்குத் தொட மாட்டேன்னு டாக்டர்கிட்ட வாக்கு வாங்கியிருக்கேன். நல்ல மனுசன்தான், சரின்னுட்டார். அதுக்குள்ள நீ பால் மறக்கடிச்சுடு. இந்த மாசமே கத்திய எடு."

"நீ எனக்கு ஒயின் சொல்லித் தர்றியா?"

"ஒயின் இல்லண்ணே. கத்தி பிடிக்கச் சொல்லித் தர்றேன்."

"என் கொடிய அறுக்கறதுக்கு முன்னாடி என் கையை அறுத்துப்பேன்."

"அறுத்துக்கோ. கை போனா கொடி சாகாது."

வாசலில் நின்றிருந்த டெல்பிம் சிரித்துவிட்டான். எவரிஸ்து–இடலினா தம்பதிக்கு ஒரே பிள்ளை. நாற்பதைத் தொடப் போகிறான். அப்பாவின் கொட்டகையில் அவனுக்கென்று ஒரு பீப்பாய் கிடையாது. வெட்டுவது, சுமப்பது, கழுவுவது எல்லாம் அவன். சாவி மட்டும் அப்பாவின் இடுப்பில்.

"அத்தை சொல்றது சரிப்பா. ரெண்டு கோடை போதும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை அறுத்தா..."

"பீப்பாயக் கழுவிட்டியா?"

"கழுவியாச்சு."

"மறுபடியும் கழுவு."

டெல்பிம் போய்விட்டான். சுல்மிரா ஆப்பிள்களை மேசையில் கொட்டிவிட்டு, காலிப் பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். "நீ உன் பிள்ளையவும் இப்படித்தான் புதைச்சு வச்சிருக்க," என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனாள்.

எவரிஸ்து அதோடு விட்டாரா? மறுநாளே சட்டையை மாற்றிக்கொண்டு கீழ்மணலுக்குப் போனார். அளவெடுத்துக்கொண்டிருந்த பல் டாக்டரிடம், "உன் தயவுல என் கொடி வாழ வேண்டாம், பிடுங்கறதுன்னா இப்பவே பிடுங்கு" என்று கத்திவிட்டு, அவர் நீட்டிய கையைக்கூடத் தொடாமல் திரும்பினார். பிடுங்க மாட்டான் என்று நினைத்தாரோ, தன் பேருக்குப் பயப்படுவான் என்று நினைத்தாரோ. டாக்டருக்கு இவர் பேரே தெரியாது. ஏப்ரலில் இயந்திரம் வந்தது. தாத்தா காலத்துத் தாய்க்கொடிகளை, மனுஷத் தொடை கனமிருக்கும் ஒவ்வொன்றும், ஒரே காலைப்பொழுதில் பிடுங்கிக் குவித்துவிட்டுப் போனது. சுல்மிரா அன்று முழுவதும் ஜன்னலைத் திறக்கவில்லை.

மே மாதம் எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. எவரிஸ்து ஊர்க்கடையில் மார்தட்டினார். ஜூனில் மலையிலிருந்து மூடுபனி இறங்கிக் கொடிகளை நனைத்தது, அது வரைக்கும்கூட வண்டி ஓடியது. ஜூலையில் வடகாற்று கிளம்பி, நாணல் வேலியைத் தாண்டி உப்பையும் மணலையும் வாரி இறைத்தபோது, இலைகள் ஓரத்திலிருந்து சுருள ஆரம்பித்தன.

தாய் ஊட்டிக்கொண்டே இருந்த கொடிகள் அவை. வேர் என்று ஒரு கை நீளம் மணலில் கோலம் போட்டிருந்தது, அவ்வளவுதான். கீழே போக அவற்றுக்கு என்ன அவசியம் வந்தது?

இடலினாவும் டெல்பிமும் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார்கள். ஊற்றின தண்ணீர் மணலில் போன வழி தெரியவில்லை. திராட்சை பழுக்கும் முன் சூட்டு மணலில் படாமல் குலைக்கு அடியில் நாணல் குச்சி முட்டுக் கொடுக்கிற வேலையும் இருந்தது. காய்கிற கொடிக்கு முட்டுக் கொடுப்பது செத்துக்கொண்டிருக்கிறவனுக்குத் தலையணை சரி செய்வது போலத்தான், ஆனாலும் செய்தார்கள். செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரியாத ஜாதி இருவரும். மேஸ்திரி கொட்டகை நிழலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வரிசை மட்டும் வாடவில்லை.

சரிவின் உச்சியில், காற்று நேராக அடிக்கிற இடத்தில் இருக்கும் வரிசை. எவரிஸ்து அதைப் பிச்சைக்கார வரிசை என்பார். சில வருஷங்களுக்கு முன் அது திடீரென்று மெலிந்து, குலை சிறுத்து, மிளகு மாதிரிக் காய்க்கத் தொடங்கியது. உப்புக்காற்று தின்றுவிட்டது என்று அவரே தீர்ப்புச் சொல்லி, அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். அந்தப் பிச்சைக்கார வரிசை, எல்லாம் கருகிக் கிடந்த மணலில், யாரையும் கேட்காமல் பச்சையாக நின்றது.

உப்பும் இல்லை, காற்றும் இல்லை. லிஸ்பனில் யாரோ கூப்பிட்டுப் பட்டயம் கொடுக்கிறார்கள் என்று மேஸ்திரி கோட்டுப் போட்டுக்கொண்டு போன, வரிசை மெலிவதற்கு முந்தின ஒரு பிப்ரவரி நாளில் நடந்தது அது. டெல்பிம் கத்தியோடு வரிசையின் முன்னால் மண்டியிட்டு, மணலை விலக்கி, கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவ்வளவு பெரிய ஆளுக்கு அறுக்க மனம் வரவில்லை. இடலினா அவன் கையிலிருந்து கத்தியை வாங்கி முதல் கொடியை அறுத்தாள். "எந்திரி. உன்னை மறக்கடிக்கறப்ப மாரில கத்தாழைச் சாறு தடவினேன். மூணு நாள் ஊரைக் கூட்டினே. அப்புறம் ரொட்டி தின்னலையா? மிச்சத்தை நீ அறு," என்றாள். மிச்சத்தை அவன் அறுத்தான்.

இப்போது அந்த வரிசைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டே டெல்பிம் சொன்னான்: "அம்மா, பீக்கோ தீவுலேருந்து ஆள் கேட்டிருக்காங்க. கல்லுக்கு நடுவுல கொடி வளக்கற ஊரு. ஒரு தோட்டம் பூரா என் பொறுப்புல விடறாங்களாம்."

இடலினா குச்சியை ஊன்றினாள். "போறியா?"

"அப்பா ஒரு வார்த்தை சொல்லட்டும், போகல. ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். என்கிட்டச் சொன்னாப் போதும். 'இது உன் வரிசைடா'ன்னு. அதுக்கப்புறம் இந்த மணல் பூரா குழி வெட்டச் சொன்னாலும் கூடையத் தலையில போட்டுக்கிட்டு நான் இறங்கறேன்."

"சொல்லுவார்டா."

"நீ சொல்ல வைக்காதே. அவரா சொல்லட்டும்."

இரண்டு நாள் கழித்து எவரிஸ்து சரிவில் ஏறிப் போவதை இடலினா குசினி ஜன்னலிலிருந்து பார்த்தாள். பச்சை வரிசை முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முழங்காலிட்டு, நாய் தோண்டுகிற மாதிரி இரண்டு கையாலும் மணலைத் தோண்டினார். குனிந்து எதையோ தடவிப் பார்த்தார். தோண்டின மணலை மறுபடி தள்ளி மூடி, தட்டிச் சமன் செய்துவிட்டு இறங்கி வந்தார்.

அவள் முட்டைக்கோஸ் சூப்பை அவர் முன்னால் வைத்தாள். டெல்பிம் வெளியே வாளி கழுவிக்கொண்டிருந்தான்.

"பாத்துட்டியா?"

"எதை?"

"அறுத்த எடத்தை."

எவரிஸ்து சோள ரொட்டியைப் பிட்டுச் சூப்பில் போட்டார். போட்டுக்கொண்டே இருந்தார். "யார் அறுத்தது?"

"முதல்ல நான். மிச்சம் உன் பிள்ளை."

"என் முதுகுக்குப் பின்னாடி."

"உன் முகத்துக்கு முன்னாடி எதைத்தான் செய்ய விட்டே? ஏ மனுசா, இங்க பாரு. திட்டணும்னா என்னைத் திட்டு. ஆனா அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. 'இது உன் வரிசை'ன்னு. அவனைத் தீவுல கூப்பிடறாங்க. சொல்லலன்னா போயிடுவான்."

அவர் வெகுநேரம் சூப்பையே கிண்டினார். கண் கலங்கியிருந்த மாதிரிகூட அவளுக்குத் தெரிந்தது. "சொல்றேன்," என்றார். "அறுவடை முடியட்டும்."

கேட்டதும் அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி. அன்றைக்குப் பொரித்த மத்தியில் பெரியதாகப் பார்த்து மகன் தட்டில் வைத்தாள்.

அறுவடை ஒரே காலையில் முடிந்தது. பறிக்க என்ன இருந்தது? மிளகுக் குலைகள் ஒரு சின்னப் பீப்பாய்க்குத்தான் கண்டன. "சாறு நுரைச்சு அடங்கட்டும்," என்றார் எவரிஸ்து. நுரைத்து அடங்கியது. "தெளியட்டும்," என்றார். கிறிஸ்துமஸ் வந்து போனது. தீவுக்காரர்கள் இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டார்கள். டெல்பிம் இன்னும் கொஞ்ச நாள் என்று கெஞ்சியதை இடலினா கேட்டாள். காத்திருக்க வைப்பதில் மேஸ்திரிக்கு ஈடு யார்? ஒயினைக் காக்க வைத்துப் பேர் வாங்கினவர், மகனையும் அப்படியே பீப்பாயில் போட்டு வைத்தார்.

ஏப்ரலில் லிஸ்பன்காரர்கள் வந்தார்கள். தோட்டம் போன சேதி தெரிந்து துக்கம் கேட்கிற முகத்தோடு வந்தார்கள். எவரிஸ்து இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொட்டகையைத் திறந்து, சின்னப் பீப்பாயிலிருந்து ஒயினைக் கூஜாவில் பிடித்தார். டெல்பிம் கோப்பைகளில் ஊற்றினான். இடலினா துவாலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். இன்றைக்குச் சொல்லிவிடுவார் என்று அவள் நம்பினாள். எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறார், அதற்காகத்தான் இவ்வளவு நாள் தள்ளிப்போட்டிருக்கிறார் என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

வந்தவர்களில் மூத்தவர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். "மேஸ்திரி, இத்தனை வருஷத்துல இப்படி ஒன்னை நீங்க இறக்கினதில்ல. இளசுலயே இப்படின்னா... எந்த வரிசை?"

டெல்பிம் ஊற்றுவதை நிறுத்தினான்.

எவரிஸ்து கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு கணம் மகன் பக்கம் திரும்பத்தான் செய்தார். பிறகு மூத்தவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதுதான் கெடுத்தது. கேட்கிற முகத்தைக் கண்டால் மேஸ்திரிக்கு வாய் நிற்காது.

"உச்சி வரிசை," என்றார். "அதோட தாய் மட்டும் என் மணல்லயே இருக்கு. கீழ இருக்கறதையெல்லாம் தாய்கிட்டேருந்து பிரிச்சாங்க. என்ன ஆச்சுன்னு வர்ற வழியில பாத்திருப்பீங்க. நான் சொன்னப்ப ஊரே சிரிச்சுது. இப்ப அந்தச் செத்த கொடிங்களே சாட்சி சொல்லுது. இந்த வரிசைய நான் அறுக்கல. அதான் நிக்குது."

ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார்.

டெல்பிம் மீதிக் கோப்பைகளிலும் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினான். எல்லாவற்றிலும் ஒரே அளவுக்கு ஊற்றிவிட்டு, கூஜாவைக் கீழே வைத்து, அம்மாவைத் தாண்டி வெளியே போனான். தாண்டும்போது அவள் தோளைத் தொட்டான். அந்த வாரமே தீவுக்குப் போய்விட்டான்.

இடலினா புருஷனோடு சண்டை போடவில்லை. சண்டை போட ஒரு ஆள் வேண்டுமே, எதிரே மேஸ்திரி அல்லவா உட்கார்ந்திருந்தார். மூன்று மாதம் பேச்சில்லாமல் சோறு போட்டாள். பிறகு உப்பு, விறகு என்று பேச ஆரம்பித்தாள். அறுத்தது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். அறுத்த இடம் அவளுக்குள்தான் இருக்கிறது என்பது, மகனுடைய தட்டை அலமாரியில் அடியில் வைத்தபோதுதான் தெரிந்தது. அழுதாள். பிறகு தட்டை மேலே எடுத்து வைத்தாள்.

அடுத்த வசந்தத்தில் வேறு ஆட்கள் வந்தார்கள். இளம் ஜோடி ஒன்றும் வெளிநாட்டுக்காரர் ஒருவரும். எவரிஸ்து அதே மேசையில் அதே சின்னப் பீப்பாயிலிருந்து ஊற்றினார், இப்போது தானே ஊற்றினார். இடலினா குசினியில் மத்தியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைங்க உண்டா மேஸ்திரி?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஒரு பையன். பீக்கோ தீவுல ஒரு தோட்டமே அவன் கையில. பெரிய பேரு வாங்கிட்டு இருக்கான்."

"இங்க உங்ககூட இருக்க ஆசைப்படலையா?"

"ஆசைப்பட்டான். போக மாட்டேன்னு அடம் பிடிச்சான். நான்தான் அனுப்பினேன்." எவரிஸ்து கோப்பையைச் சுழற்றினார். குரலைத் தாழ்த்தினார். "கொடி வேற, பிள்ளை வேற. பால் மறக்கடிக்காம பிள்ளை வேரு விடுமா? எனக்குக் கஷ்டமாத்தான் இருந்தது. ஆனா தகப்பன்னா அதைச் செஞ்சுதான் ஆகணும்."

அந்தப் பெண் தன் ஆளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இடலினா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். "கத்தாழை தடவினது நான்," என்றாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு வெளிநாட்டுக்காரர் சிரித்தார், ஜோடி சிரித்தது. எவரிஸ்துவும் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். "என் வீட்டுக்காரிக்கு எப்பவும் விளையாட்டு," என்று சொல்லி, அவளுக்கும் சேர்த்து ஒரு கோப்பை ஊற்றினார்.

அவள் அதை வாங்கி நின்றபடியே ஒரே மடக்காகக் குடித்தாள். நல்ல ஒயின்தான். நாக்கு வறண்டு மடங்கியது. மீன் கருகுகிற வாசனை வந்ததால் உள்ளே போனாள்.